கண்டுபிடிக்க முடியாத சிப்பாய்

சென்ற வியாழன் றொசல்லையில் ரயிலைவிட்டு இறங்கி, கொட்டுகிற மழையில் இரண்டு மைல் மலையேறி ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு பேப்பர். இந்த வயதில் இது தேவையா என்று கேட்பீர்கள். காரணம் தெரிந்தால் என்னைத் திட்டவும் செய்வீர்கள். தாராளமாகத் திட்டுங்கள்.

பேப்பரில் இருந்தது பாராளுமன்றச் செய்தி. பாதுகாப்பு அமைச்சின் செலவைச் சபையில் அலசியிருக்கிறார்கள். ஜீப் எத்தனை, பூட்ஸ் எத்தனை, ஏன் இத்தனை — நல்ல காரசாரம். நடுவில் ஒரு உறுப்பினர் எழுந்து, வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையில் அடிபட்டவர்களுக்கு நட்டஈடு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். அட, ஒரு ஆளுக்காவது ஞாபகம் இருக்கிறதே!

பதில் மூன்றே வரி. விண்ணப்பித்த பலரைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். விலாசம் மாறிப் போயிருக்கலாமாம்.

அந்தப் பலரில் ஒருவருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான்.

அவர் அந்தோனிமுத்து. இளவயதில் பட்டாளத்தில் கூலிவேலைக்குச் சேர்ந்து திருகோணமலைக்குப் போனவர். துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது இடது காது கேட்காமல் போய்விட்டது. பத்து வருஷத்துக்கு முன், அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராக இருந்தபோது, அவருக்காக இங்கிலீஷில் ஒரு மனு எழுதினேன். எழுதி முடித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பெரிய மனுஷத்தனமாக ஒரு வார்த்தை சொன்னேன்: "பதில் வர்ற வரைக்கும் விலாசத்த மட்டும் மாத்திறாதீங்கண்ணே."

பிறகு ஹட்டனுக்கு மாற்றலாகி வந்தேன். சொன்னதை மறந்தும் போனேன்.

அவர் மறக்கவில்லை. வியாழக்கிழமை போய்ப் பார்த்தால், லயத்து வரிசையின் கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துக் காம்பராக்களில் பூட்டு. இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி அங்கே இருந்தவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள்.

"செசிலி எங்கண்ணே?" என்றேன். செசிலி அவருடைய ஒரே மகள்.

"கோத்தகிரிப் பக்கம் போயிருச்சுங்க மாஸ்டர். நாலு வருசமாச்சு."

"நீங்க போகலியா? உங்களுக்கும் பாஸ்போர்ட் வந்திருக்குமே?"

"வந்துச்சுங்க. நா போயிட்டா கவர்மெண்டு கடுதாசிய யாரு வாங்குறது? நீங்கதான அன்னைக்கே சொன்னீங்க."

குற்றம் சாட்டவில்லை, ஐயா. வாத்தியார் சொல்லைக் காப்பாற்றிய பெருமையோடு சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தோட்டத்தை விட்டுப் போகிறவனின் பெயரை அங்கே செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் ஒரே கோட்டில் வெட்டுவார்கள். அதன்பிறகு அவனுக்கு ரேஷன் இல்லை, பேர் சொல்லிக் கூப்பிட ஆளும் இல்லை. கவர்மெண்டும் ஒரு பெரிய தோட்டம் என்று இவர் நினைத்துவிட்டார். தப்பென்று எந்த வாயால் சொல்வேன்?

வேலையிலிருந்து நின்ற பிறகும் காலையில் பெரட்டுக்குப் போகிறாராம். ஆள் கணக்கெடுக்கும் அந்த இடத்தில்தான் கணக்கப்பிள்ளை கடிதங்களையும் பெயர் சொல்லிக் கொடுப்பார். இவர் வலது காதைத் திருப்பிக்கொண்டு ஓரமாக நிற்பார். முதல் வருஷம் மகளிடமிருந்து கடிதம் வந்தது. இப்போது அதுவும் இல்லை.

"கோவமாத்தான் போச்சு புள்ள. அப்பாவுக்கு எங்களவிட பட்டாளத்துக் காசுதான் பெருசுன்னு சொல்லிட்டு, திரும்பிக்கூடப் பாக்கலிங்க."

என் வீட்டிலும் ஒற்றை ஆளுக்குத்தான் தேத்தண்ணி கொதிக்கிறது. ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமுவது கேட்கும். இங்கே மழையை விட்டால் எதுவும் இல்லை. எப்படித்தான் இருக்கிறாரோ...

பேப்பரை எடுத்துப் படித்துக் காட்டினேன். கண்டுபிடிக்க முடியவில்லை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"நா எங்கயும் போகலியேங்க!"

பேப்பரை வாங்கி மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகு அவரே சொன்னார்:

"வேற மனு எழுதுங்க மாஸ்டர். பெருசா ஒண்ணும் வேணாம். 'அந்தோனிமுத்து இங்கதான் இருக்கான்'னு மட்டும் போடுங்க."

எழுதினேன். கையெழுத்துப் போட்டார். கவரை ஒட்டுவதற்குள் கேட்டார்:

"இன்னொரு தாள் இருக்குங்களா? மகளுக்கும் அதையே எழுதிருங்க."

மகளுக்கும் அதே வரியை எழுதினேன். அவர் சுடுதண்ணி வைக்க எழுந்து போன நேரத்தில், அதற்குக் கீழே என் பங்குக்கு ஒன்று சேர்த்தேன்: 'உன் அப்பாவை இங்கே நிறுத்தி வைத்தது காசு இல்லை அம்மா, என் வாய்.'