பாதியில் நின்ற சுவீடன் பாட்டு

எண்பதுகளில் ஆவடியில் ஜேசுராஜ் நடத்திய கல்யாணக் கச்சேரிக் குழுவில் ஆங்கிலப் பாட்டுகளைப் பாடியவள் ஹில்டா. சுவீடன் நாட்டுக் குழு ஒன்றின் பிரபலமான பாட்டுகளைத்தான் கூட்டம் கேட்கும். அந்தக் குழு கலைந்தபின், அதில் பாடிய பெண் ஒருத்தி தனியாக ஒரு கேசட் வெளியிட்டாள். யாரும் சீண்டாத அந்தக் கேசட்டின் மேல் ஹில்டாவுக்கு உயிர். அதிலிருந்து ஒரு பாட்டை மேடையில் பாடியே தீருவேன் என்று நின்றாள்.

“குரூப்ப உட்டு ஓடுனவ பாட்ட எவன் கேப்பான்?” என்றான் ஜேசுராஜ்.

கொரட்டூரில் ஒரு கல்யாணத்தில் அவனைக் கேட்காமலே அதைத் தொடங்கினாள். பாதியில் ஜேசுராஜ் அவளுடைய மைக்கை அணைத்தான். முன்வரிசை சிரித்தது.

“ஊட்டுக்குப் போயி பாடிக்கினு இரு!” என்று கத்தினான் ஜேசுராஜ்.

“உன் மேடைல காறித் துப்பக்கூட இனிமே ஏற மாட்டேன்” என்று சொல்லிவிட்டு ஹில்டா இறங்கினாள்.

மற்ற குழுக்களும் அவளைக் கூப்பிடாதபடி ஜேசுராஜ் பார்த்துக்கொண்டான். அவள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் ஆனாள். தொண்ணூற்று மூன்றில், பாட ஆள் கிடைக்காமல் அவனே அவள் வீட்டு வாசலுக்கு வந்தான்.

“பழச மனசுல வெச்சிக்காத ஹில்டா. ஒரே ஒரு புரோகிராம்.”

“வெச்சிகினுதான் கீறேன். கெளம்பு.”

அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். மனம் கொஞ்சமும் இளகவில்லை.