காத்தாடியை நிறுத்திய நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, லூனாஸில் என் வீட்டில் நடந்தது இது. நான் லோரி ஓட்டுகிறவன். அழகாக எழுத வராது. கோபக்காரன் என்று எங்கள் தாமான் வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் மனைவி கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை செய்தவள். கையுறையை விளக்குக்கு நேரே பிடித்து, ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் வேலை. அந்தக் கண் வீட்டுக்கு வந்த பிறகும் ஓயாது. நான் லோரியை விட்டு இறங்கி வாசலுக்கு வருவதற்குள், "ரெண்டாவது பொத்தான் தொங்குது. இன்னிக்கு யாரோட மல்லுக்கட்டிட்டு வர்றீங்க?" என்பாள். பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். தூரத்தில் பஸ் திரும்பும்போதே நம்பரைச் சொல்லிவிடுவாள். நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பேன்.

அவளுடைய அப்பா செர்டாங் பக்கம் ஒரு தோட்டத்தில், பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட் ஒருநாள் முகத்தில் தெறித்து, இரண்டு கண்ணும் வெள்ளை படிந்துவிட்டது. இறந்தவர் யாராவது கண் கொடுத்தால் மாற்றிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். கடைசிவரை யாரும் கொடுக்கவில்லை. காத்திருந்தே போய்ச் சேர்ந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவைக் கை பிடித்து நடத்தியது என் மனைவிதான்.

அதனால் அவள் கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். ஒருநாள் நான் சாப்பிடும்போது சொன்னாள். நான் கத்தினேன்.

"உன் கண்ணைத் தோண்டுறதை நான் நின்னு பாக்கணுமா? எவனாவது வரட்டும், காலை ஒடிக்கிறேன்."

அவள் நெத்திலி ஆய்வதை நிறுத்தவே இல்லை. "எங்க ஆளுங்களே விடமாட்டாங்க. நீங்கதான் சண்டை போடணும். உங்களுக்கு அதுதானே நல்லா வருதுலா" என்றாள்.

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். கிளினிக் டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாவைப் பதிய போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அதற்காக அவள் பணப்பையில் ஐசியை, அடையாள அட்டையைத் தேடினேன். ஐசிக்குப் பின்னால் அந்தக் கண்தான அட்டை இருந்தது.

மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பொய் சொல்லவில்லை. அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கே போய்விட்டேன். வெளியே வந்து லோரியில் உட்கார்ந்தபோது, "உங்களுக்கு அதுதானே நல்லா வருது" என்று அவள் சொன்னது காதில் வந்தது. அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் அடித்தேன்.

பேசிய பெண் பொறுமையாகச் சொன்னாள். வந்துகொண்டே இருக்கிறோம், அதுவரை தலைக்குத் தலையணை வையுங்கள், இமையை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், கண்ணுக்குள் எதுவும் படக்கூடாது, முக்கியமாகக் காத்தாடியை நிறுத்துங்கள், காற்றில் கண் காய்ந்துவிட்டால் யாருக்கும் உதவாது.

வீட்டுக்கு வந்தால் கூரைக் காத்தாடி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு நேர் கீழே அவள். இமை லேசாகத் திறந்திருக்கிறது. பக்கத்தில் என் கொழுந்தியாள் மஞ்சள், குங்குமம், கண்மை டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறாள். சுமங்கலியை அலங்காரம் செய்துதான் அனுப்புவது எங்கள் வழக்கம்.

"மை வைக்காதே! கையை எடு!" என்று கத்தினேன்.

"ஏன் மாமா? எங்கக்கா மூளியாவா போகணும்?" என்று அவளும் கத்தினாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் டப்பாவை மூடினாள். என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், எழுந்து வந்தார்.

"மாப்ள, கண்ணில்லாம எரிச்சா அடுத்த ஜென்மத்துல குருடாப் பொறப்பா. ரெண்டு மணிக்கு எடுக்கணும், மூணுக்கு ராகு காலம். எவனுக்கும் காத்திருக்க முடியாது."

"உங்கப்பா கண்ணோடதான் எரிஞ்சாரு. அந்தக் கண்ணு அவருக்கு என்னத்தைக் காட்டிச்சு?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். மனுஷன் முகம் கறுத்து வெளியே போய்விட்டார்.

நான் காத்தாடியை நிறுத்தினேன். ஒரு பெரியவர் போட்டார். நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர், "வெந்து சாவுறோம்ணே" என்று மறுபடி போட்டார். சுவரில் இருந்த ரெகுலேட்டர் குமிழையே பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "வேகுறவன் பந்தலுக்குப் போ!" என்றேன். பாதிப் பேர் திட்டிக்கொண்டே போனார்கள். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து பஞ்சை நனைத்து நனைத்து வைத்தேன். மணி ஒன்றரை ஆனது. இரண்டு ஆனது. கண் எடுக்கிறவர்கள் வரவில்லை. போன் அடித்துக் கேட்டால், வழியில் ஏதோ ஒரு லோரி கவிழ்ந்து சாலை அடைபட்டுவிட்டதாம். காரியம் செய்யும் பண்டாரம் வாசலில் நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பந்தலில் மச்சான் குரல் கேட்டது. "இருக்கட்டும் சாமி. ராகு காலம் கழிச்சே எடுத்துக்கலாம். எங்கப்பா வருசக்கணக்கா காத்திருந்தாரு. நாம ரெண்டு மணி நேரம் இருந்தா செத்தா போயிடுவோம்?"

சொல்லிவிட்டு உள்ளே வந்து பஞ்சுக் கிண்ணத்துக்குத் தண்ணீர் மாற்றினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டே முக்காலுக்கு மூன்று பேர் வந்தார்கள். கணவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று தாளை நீட்டினார்கள். காலையிலிருந்து ஊரையே எதிர்த்து நின்றவன் நான். பேனாவைப் பிடித்தால் கை நகரவில்லை. பஞ்சு வைத்த அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொழுந்தியாள்தான் சொன்னாள். "இவ்ளோ கத்திட்டு இப்ப என்ன மாமா? போடுங்க. அக்கா காத்துக்கிட்டு இருக்கு."

போட்டேன். கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். தோண்டுவார்கள் என்று பயந்தேனே, அப்படி ஒன்றும் இல்லை. மூடிய இமையோடு தூங்குகிறவள் மாதிரி கிடந்தாள். கொழுந்தியாளைக் கூப்பிட்டு, "இப்ப மை வை" என்றேன். அழுதுகொண்டே இமை ஓரத்தில் இழுத்துவிட்டாள். நாலரைக்கு மேல்தான் எடுத்தோம்.

ஒரு வாரம் கழித்துச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையிலிருந்து காத்தாடிக் குமிழ் விழுந்தது. இரண்டாவது பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

பிறகு ஒரு கடிதம் வந்தது. இரண்டு பேருக்குப் பார்வை வந்திருக்கிறதாம். யார் என்று சொல்ல மாட்டார்களாம். அதிலும் எனக்குக் கோபம்தான். சண்டை வேண்டாம் என்று வாழ்நாள் முழுக்கக் கெஞ்சியவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு சண்டையைத்தான். அதையாவது பாதியில் எழுந்து போகாமல் போட்டு முடித்தேன் என்கிற நினைப்பில்தான் இன்றும் எனக்குச் சோறு இறங்குகிறது.