தெற்கே தொடங்கிய சுவர்

மத்தியாஸ் எந்தச் சுவரிலும் எடுத்தவுடன் கை வைக்க மாட்டார். எதிரே போய்ப் பத்து நிமிஷம் சும்மா நிற்பார். ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்துத் தூக்கிப் பிடிப்பார். "மாப்பிள்ளை காத்துகிட்ட உத்தரவு கேக்காரு" என்று லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். தேவிகுளத்து மலையில் எந்தச் சுவருக்கு எந்தப் பக்கத்திலிருந்து மழை வரும் என்பது அந்த மனிதரைப் போல இன்னொருவருக்குத் தெரியாது.

வேலை என்று பார்த்தால் தச்சு வேலைதான். ஆனால் பங்களாவுக்கும் தேயிலை ஆலைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு வந்து இறங்கிய நாளிலிருந்து, வெளிச்சுவருக்குச் சீட்டு அடிப்பதென்றால் மத்தியாஸைக் கூப்பிடு என்றாகிவிட்டது. சுவரில் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் சீட்டு. கீழ்வரிசை முதலில், மேல்வரிசை அதன்மேல் ஒரு சாண் ஏறி வரவேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். பக்கவாட்டில்தான் சூட்சுமம். நம் மலையில் மழைக்காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. ஆகவே வடக்கு மூலையில் தொடங்கித் தெற்கே வரவேண்டும். ஒவ்வொரு சீட்டும் முந்தினதன் ஓரத்தை மூடிக்கொண்டு வரும், காற்று வழுக்கிப் போய்விடும். தெற்கே தொடங்கினால் ஒவ்வொரு ஓரமும் காற்றுக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மழை வந்தால்தான் தெரியும்.

அவருடைய சிநேகிதர் அமிர்தநாதன் தோட்டத்தில் கண்டக்டர். பஸ் கண்டக்டர் இல்லை, மலையில் ஆட்களை மேய்க்கிற உத்தியோகம். இருவரும் வள்ளியூர்ப் பக்கத்து ஒரே ஊர். பதினாறு வயதில் ஒரே சோற்று மூட்டையோடு மலை ஏறியவர்கள். ஒருவர் படித்திருந்தார், கண்டக்டரானார். மற்றவர் உளி பிடித்தார். நாலு பேர் முன்னால் மத்தியாஸ் அவரைக் "கண்டக்டரய்யா" என்பார். தனியே இருந்தால் "ஏலே அமிர்தம்"தான். மத்தியாஸின் முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்று, கோயிலில் கையில் ஏந்தியவர் அமிர்தநாதன். அந்தப் பிள்ளை பதினோராம் மாதம், ஆடி மழையில், லயத்து வீட்டின் மேற்குச் சுவர் ஊறி ஊறி நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தது. சின்னப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டம் வரை நடந்தவரும் அவர்தான். இதை மறந்துவிடாதீர்கள். மத்தியாஸால் மறக்க முடியவில்லை.

தேவிகுளம் தமிழ்நாட்டுக்கா மலையாளத்துக்கா என்று ஊரெல்லாம் வாய் வலிக்கப் பேசிய ஐம்பத்தாறாம் வருஷம் அது. லயத்து வீடுகள் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கப் புதுச் சட்டப்படி ஓர் ஆபீசர் வருவதாகச் சேதி. உடுமலை வழியாக லாரி லாரியாகச் சீட்டு வந்தது. அமிர்தநாதன் மத்தியாஸைத் தோளில் தட்டினார்.

"லயத்துல ரோட்டுப் பக்கத்துச் சுவர மொதல்ல அடி. மிச்சம் நாப்பது சீட்டு லயத்து மேக்குச் சுவருக்கு. இந்த வருசம் அன்னாளு காஞ்ச வீட்டுல புள்ள பெறுவா, பாத்துக்கோ."

மத்தியாஸின் மனைவி அன்னாள் அப்போது ஆறு மாதக் கர்ப்பம்.

"ஒண்ணு செய்யி" என்றார் அமிர்தநாதன். "ஆபீசர் வாரப்போ அந்தத் தட்டியெல்லாம் தொங்கப்படாது. அசிங்கமா இருக்கு. ஒன் ஆளுகட்ட சொல்லிப் பிரிக்கச் சொல்லு."

தட்டி என்பது லயத்துக்காரர்களின் சொந்தப் பாதுகாப்பு. மூங்கிலைப் பிளந்து, மலையில் முளைக்கும் போதைப்புல்லை அடர்த்தியாக வைத்துக் கட்டி, மேற்குச் சுவரில் சாத்திவிடுவார்கள். அழகாக இராதுதான், ஆனால் பாதி மழையையாவது தின்னும். புல் அறுப்பதும் காயவைப்பதும் மாசி பங்குனியில். அந்த வெயிலை விட்டால் மறுபடி அடுத்த வருஷம்தான். பக்கத்து வீட்டுச் சின்னமுத்து தயங்கினார்.

"சீட்டு ஏறட்டும் மத்தியாசு. பொறவு பிரிப்போம்."

"அமிர்தம் சொல்லியிருக்கான்ல. என் பேச்ச நம்பும். நான் பொறுப்பு."

நம்பினார்கள். பன்னிரண்டு வீட்டுத் தட்டியும் பிரிந்தது. குவித்து நெருப்பு வைத்ததும் மத்தியாஸ்தான். அன்னாள் வாசலில் நின்று பார்த்தாள். சீட்டு அறுத்த வெள்ளைப் பொடி அவர் புருவத்தில் அப்பியிருந்ததைக் கண்டு, "இப்பவே கிழவனாயிட்டீக" என்று சிரித்தாள்.

ஆபீசர் வந்தார். ரோட்டுப் பக்கமாகவே நடந்தார். சாம்பல் நிறத்தில் புதுச்சீட்டு பளிச்சென்று நின்றதைப் பார்த்தார், தேநீர் குடித்தார், போனார். மேற்குப் பக்கம் சுற்றிப் போக அவருக்கு ஒருவரும் வழி காட்டவில்லை.

மறுவாரம் பங்களாக் கதவுக்குக் கீல் மாட்டப் போன மத்தியாஸிடம் தோட்ட மேனேஜரான வெள்ளைக்காரத் துரை தன் தோட்டத்துத் தமிழில் கேட்டார்:

"லயத்து ஆளு மேக்கே சீட்டு வேணாம் சொல்லுது, ஏன்? உள்ளே அடுப்புப் புகை போகாது சொல்லுது. கண்டக்டர் சொன்னான். சரி, கண்டக்டர் வீட்டுக்குப் போடு."

மத்தியாஸின் கையில் ஸ்குரூ இருந்தது. அது கீழே விழுந்து உருண்டது, குனிந்து எடுக்கவும் தோன்றவில்லை. ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லையே துரை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அமிர்தநாதனின் உத்தியோகம் அன்றே போகும். தன் பிள்ளையின் பெட்டியைச் சுமந்த தோளாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டார். மடத்தனம்தான். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

சாயங்காலமே அமிர்தநாதன் ஆள் அனுப்பினார். அவர் குவார்ட்டர்ஸ் மேற்கே பார்த்த மேட்டு வீடு. நாற்பது சீட்டும் முற்றத்தில் அடுக்கியிருந்தது.

"அப்போ லயம்?" என்றார் மத்தியாஸ்.

"என்னத்தச் செய்ய? தொர முடிவு பண்ணிட்டாரு. நானும் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். அடுத்த வருசம் பாப்போம்."

கண்ணைப் பார்த்துச் சொன்னார், குரல்கூடப் பிசிறவில்லை. மத்தியாஸுக்குச் சீட்டுப் போனது ஒரு பங்கு வலி என்றால், தங்கள் பெயரைச் சொல்லியே தங்களிடமிருந்து பிடுங்கியது ஒன்பது பங்கு. தட்டியைத் தன் கையாலேயே கொளுத்த வைத்தானே அமிர்தம், அது எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை.

மறுநாள் காலை சுவருக்கு எதிரே நின்றார். வழக்கம்போல விரலை நனைத்துத் தூக்கினார். பிறகு ஏணியை எடுத்துக்கொண்டு போய்த் தெற்கு மூலையில் சாத்தினார். மூன்று நாள் வேலை. ஒரு சீட்டு கோணவில்லை, ஒரு ஸ்குரூ பிசகவில்லை. அத்தனை ஓரமும் காற்றைப் பார்த்து வாயைத் திறந்திருந்தது. அமிர்தநாதனின் மனைவி செபமாலையம்மாள் மூன்று நாளும் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

ஆனி பிறக்குமுன்னே மழை இறங்கிவிட்டது. லயத்தில் பன்னிரண்டு மேற்குச் சுவரும் ஊறிக் கறுத்தன. சின்னமுத்து ஒரு வார்த்தை ஏசவில்லை. கிழிந்த சாக்குகளைக் கோத்துச் சுவரில் தொங்கவிட்டுக்கொண்டார், மத்தியாஸ் எதிரே வந்தால் சாக்கைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் மத்தியாஸுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

ஆடி முதல் வாரம் அன்னாளுக்குப் பெண் பிறந்தது. மூன்றாம் நாள் மத்தியாஸ் ஆலையிலிருந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தால் வீடு காலி. சின்னமுத்துவின் மனைவிதான் சொன்னாள்: "கண்டக்டரம்மா வந்து கம்பளியச் சுத்தி ரெண்டு பேத்தையும் கூட்டிட்டுப் போயிட்டாக. இந்த ஈரத்துல பச்சப்புள்ளயப் போடப்படாதுன்னு."

"எந்த ரூமுல?" என்று கேட்டார் மத்தியாஸ். அவளுக்கு எப்படித் தெரியும்? அவர் பதிலுக்கு நிற்கவுமில்லை. மேட்டுப்பாதையில் சறுக்கிக்கொண்டே ஓடினார்.

மேற்கு அறைதான். புதுச்சீட்டு அடித்த அறை கதகதப்பாக இருக்கும் என்று அங்கே கட்டில் போட்டுக் கொடுத்திருந்தாள் செபமாலையம்மாள். தாயும் பிள்ளையும் அசந்து தூங்கினார்கள். சுவரில் மேலிருந்து கீழ்வரை கோடு கோடாகத் தண்ணீர் இறங்கியது. ஒவ்வொரு கோடும் ஒரு சீட்டின் ஓரம், எண்ணி வைத்ததுபோல. தலைமாட்டுத் துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பிள்ளை தூக்கத்திலேயே இருமியது. அந்த இருமலை அவருக்குத் தெரியும்.

அள்ளி எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். செபமாலையம்மாள் பதறிப்போய்த் தணலைக் கிளறினாள்.

"என்ன தம்பி, புதுச் செவருல்லா?"

அமிர்தநாதன் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார். "சீட்டுத்தான் மோசம். ஒன் கைவேல தப்பாது" என்றார்.

மனதார நம்பித்தான் சொன்னார். மத்தியாஸ் பிள்ளையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்தி சாய்வதற்குள் இருமல் நின்றது, பிள்ளை பால் குடித்தது.

இரண்டு நாள் கழித்து மழை கொஞ்சம் வெறித்தது. மத்தியாஸ் கூப்பிடாமலே வந்து ஏணியை வடக்கு மூலையில் சாத்தினார். நாற்பது சீட்டையும் கழற்றி, புதுத் துளை போட்டு, திருப்பி அடிக்கத் தொடங்கினார். அமிர்தநாதன் கீழே நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பாதிச் சுவர் முடிந்தபோது, ஓரங்கள் இந்தத் தடவை எதிர்ப்பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்து அவருக்கே விளங்கிவிட்டது.

"ஏலே, அப்போ வேணும்ன்னுதானா அப்படி அடிச்ச?"

"ஆமா. வேணும்ன்னுதான் செஞ்சேன். எம் புள்ள தலமாட்டுலயே வந்து ஒழுகிட்டு." மத்தியாஸ் ஏணியில் நின்றபடியே கீழே பார்த்தார். "நான் சொல்லிட்டேன், அமிர்தம். தொரகிட்ட எங்க பேரச் சொல்லி நீ என்ன சொன்ன? நீயும் சொல்லிரு."

தூரத்தில் லயத்துச் சுவர்களில் சாக்குகள் ஆடிக்கொண்டிருந்தன. அமிர்தநாதன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து அடுத்த சீட்டைத் தூக்கினார்.

"புடி" என்றார்.