வேன் நிறைய அழுகை

என் மகன் கட்டாருக்கு வேலைக்குப் போனபோது, வழியனுப்ப மஹய்யாவில் எங்கள் சந்துச் சனமே வேனில் ஏறியது. போகிறவன் ஒருவன், அனுப்புகிறவர்கள் வேன் நிறைய. எங்கள் ஊர் வழக்கம் அது. கடுகண்ணாவை இறக்கம் முழுக்கப் பாட்டு, கேகாலையில் புளிச்சோறு, கட்டுநாயக்க விமான நிலைய வாசலில் ஒப்பாரி. நான் மட்டும் அழவில்லை. மச்சினி மூக்குச் சிந்தும் அழகை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மகன் பெட்டியோடு வெளியே வந்தான். விமானம் நாளைக்குத்தானாம். அழுத முகங்கள் துடைக்காமலே சிரித்தன. திரும்பும் வழியெல்லாம் மறுபடியும் பாட்டு.

மறுநாள் சந்துச் சனத்தைக் கூப்பிட்டால், "நேத்தே அழுதாச்சே மாமா, இன்னைக்கு நீங்களே போயிட்டு வாங்க" என்றார்கள். மனைவி அழுத அழுகையில் காய்ச்சலோடு படுத்திருந்தாள். நானும் மகனும் பஸ்ஸில் போனோம்.

அதே வாசலில் அவன் பெட்டியைத் தூக்கியதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னப்பா, நேத்து பல்லக் காட்டிக்கிட்டு நின்னீங்க?"

"நேத்து அந்தக் கூட்டத்துல அழ எடம் கெடைக்கலடா."

சிரித்துக்கொண்டே போனான். மறுபடியும் வெளியே வருவானென்று வாசலிலேயே நின்றேன். என் அதிர்ஷ்டம், அன்றைக்கென்று விமானம் நேரத்துக்குக் கிளம்பிவிட்டது.