மூன்று சுவர்களுக்கு அப்பால்

அவளுக்குக் குரலை வைத்துத்தான் பிழைப்பு. ஒரு மொழி பேசும் டாக்டருக்கும் அது புரியாத நோயாளிக்கும் நடுவே போனில் உட்கார்ந்து, இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் மாற்றிச் சொல்வாள். வேறு யார் காதிலும் விழக்கூடாது என்பது ஆஸ்பத்திரியின் கண்டிப்பு. அதனால் வீட்டின் கடைசி அறையில், கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை. அழைப்புகள் வருவது நெட் வழியாக; அதைத் தரும் வைஃபை ரூட்டரோ வாசலை ஒட்டிய கூடத்தில். நடுவில் மூன்று சுவர்.

அன்று காலை ஒரு பெரியவருக்குப் பரிசோதனை முடிவைச் சொல்ல ஆரம்பித்தார் டாக்டர். "ரிப்போர்ட் வந்துவிட்டது. நாங்கள் பயந்தது..." என்பது வரை கேட்டது. பிறகு கொரகொரவென்று ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை. அவள் அடித்துப் பிடித்துத் திரும்ப இணைப்பில் நுழைவதற்குள் இதே வேலை செய்யும் வேறொருத்தி அந்த அழைப்பை எடுத்துவிட்டாள். என்ன ஆயிற்று என்று விசாரிக்கவும் விதி இடம் தராது.

பகல் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துவைத்த துணியையே மறுபடி வாளியில் போட்டு ஊறவைத்தாள். பயந்தது போலவே ஆகிவிட்டதா, இல்லையா?

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் கணவன் சாயங்காலம் வந்ததும், செருப்பைக் கழற்றக்கூட விடாமல் ரூட்டர் வாங்கக் கிளப்பிக்கொண்டு போனாள்.

அவன் நேராக விலை குறைந்ததைக் கையில் எடுத்தான். "எல்லாத்துலயும் வர்றது ஒரே நெட்டுதானே?"

அவள் நாலு ஆன்டெனா வைத்ததை எடுத்தாள். விலை இரண்டு மடங்கு. "இதுல போட்டிருக்கற தூரம் சுவரைச் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

அவர் தலையைச் சொறிந்தார். "அது வெட்டவெளிக் கணக்கு மேடம்."

"நாங்க வெட்டவெளியில குடியிருக்கலையே!"

கணவனும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கடைசியில் இரண்டையும் கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றைக் கீறல் விழாமல் திருப்பித் தருவதாக முடிவாயிற்று. கடைக்காரர் முனகிக்கொண்டே சம்மதித்தார்.

பரிசோதனைக்கு மாமியாரைக் கடைசி அறையில் உட்கார்த்தி, நாத்தனாரை வீடியோவில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

விலை குறைந்த சின்ன ரூட்டர் கூடத்தில் இருந்தபோது, "ஏண்டி வாயைத் திறந்தபடி செலை மாதிரி நிக்கற?" என்று திரையில் உறைந்துபோன மகளைப் பார்த்து மாமியார் கத்தினார். பெரியதை மாட்டினார்கள். கதவு திறந்திருந்தவரை பேச்சு ஓடியது. சாத்தியதும் திக்கியது.

"பார்த்தியா? விலையை மட்டும் ஏத்தி வச்சிருக்கான்" என்றான் கணவன்.

அவள் போனும் கையுமாக அறை அறையாக அலைந்தாள். பிறகு நீள வயர் இழுத்து, மாமியார் படுக்கும் நடு அறையில் அவருடைய பீரோ மேல் ரூட்டரை வைத்தாள். கதவு சாத்தியும் பேச்சு தெளிவாக வந்தது.

"என் தலைமாட்டுல விடிய விடிய லைட்டு மினுக்கிட்டிருக்குமா? எனக்குப் பொட்டுத் தூக்கம் வராது" என்றார் மாமியார்.

"அத்தை, இன்னைக்கு ஒரு பெரியவருக்கு டாக்டர் சொன்னதைச் சொல்ல முடியாம பாதியில விட்டுட்டேன்."

மாமியார் பீரோ மேலே கையைக் காட்டினார். "அதைத் திருப்பி வை. லைட்டு செவுத்தைப் பார்த்து எரியட்டும்."

கணவனுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "அப்போ சின்னதையே இங்க வச்சா?"

வைத்தார்கள். அதுவும் எட்டியது. ஒரே ஒரு தடவைதான் திணறியது.

"தாராளமா போதும்" என்றான் அவன், வெற்றி பெற்ற முகத்தோடு.

"போதும்தாங்க. ஆனா இப்ப அறுந்துடுமோ, அப்ப அறுந்துடுமோன்னு என்னால உட்கார முடியாது. பெரிசே இருக்கட்டும்."

அவன் வாதாட வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தவன், சின்னதைப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

மறுநாள் முதல் அழைப்பு ஒரு முட்டிவலிக்காரியிடமிருந்து. டாக்டர் ஆபரேஷன் செய்யலாம் என்றார். அவள் மாற்றிச் சொன்னாள். எதிர்முனையில் சத்தமே இல்லை. அவள் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டாள்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா," என்றது குரல். "யோசிச்சிட்டிருக்கேன்."