காம்பராவைப் பெரிதாக்கிய லென்ஸ்

அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனதே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து ஒற்றைக் காம்பராவோடு இன்னும் ஓர் அறை சேர்த்துக் கட்டத்தான். லயம் தோட்டத்துச் சொத்து; தோட்டத்துத் துரையின் அனுமதிதான் இழுத்துக்கொண்டே போனது. அறை எழும்பிய மறுநாளே ஊருக்கு வந்துவிடுவேன் என்று ஒவ்வொரு போனிலும் சொல்வாள். அவள் போகும்போது சின்னக் குழந்தையாக இருந்த மகள், எங்களிடம் வளர்ந்து பெரியவளும் ஆகிவிட்டாள்.

"சடங்குக்குத்தான் என்னால வர முடியல. எல்லாரையும் ஒரே படத்துல புடிச்சு அனுப்புடா. தாய்மாமன் நீயும் அதுல நிக்கணும்," என்றாள்.

சொல்வது சுலபம். என் சின்ன டிஜிட்டல் கேமராவோடு அடுப்புச் சுவரில் முதுகு ஒட்ட நின்றாலும் நாலு பேருக்கு மேல் படத்தில் அடங்க மாட்டார்கள். பக்கத்து டவுன் கலவானையில் விசாரித்துப் பார்த்துவிட்டு, கேமரா முன்னால் மாட்டுகிற லென்ஸ் தேடி இரத்தினபுரிக்கு பஸ் ஏறினேன்.

கடைக்கார முஸ்லிம் நானா மூன்று லென்ஸ்களை எடுத்து வைத்தார். கிட்டத்தில் பிடிப்பது ஒன்று. அதை மாணிக்கக்கல் வியாபாரிகள் வாங்குவார்களாம். தூரத்தை இழுப்பது ஒன்று. மூன்றாவது, அகலமாகக் காட்டுவது. உண்மையைச் சொன்னால் என் மனசு தூரத்தை இழுப்பதில்தான் ஒட்டிக்கொண்டது. அதை மாட்டியதும் என் கேமராவுக்கே ஒரு பத்திரிகைக்கார மிடுக்கு வந்துவிட்டது.

"தம்பி எதைப் படம் புடிக்கப் போறீங்க?"

"லயத்துக்குள்ள ஒரு சடங்கு, நானா."

"அப்ப இதுல ஒராளுட மூக்கு மட்டும்தான் விழும்," என்று அதைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது நியாயம். அகல லென்ஸையும், அதை மாட்டும் குழாயையும், சாண் உயர முக்காலி ஒன்றையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

சடங்கன்று, லென்ஸ் முன்னால் நீட்டிக்கொண்டிருந்ததால், ஃபிளாஷ் போட்டால் படத்தின் அடியில் கறுப்பு நிழல் விழுந்தது. அதுவும் நடுவில் உட்கார்ந்திருந்த அக்கா மகளின் மேலேயே. ஃபிளாஷை அணைத்து, கதவைத் திறந்துவைத்து, கேமராவை முக்காலியோடு அரிசிப் பெட்டிமேல் நிறுத்தி, டைமரைத் தட்டிவிட்டுச் சீர்த்தட்டோடு ஓடிப்போய் நின்றேன். ஓரத்தில் நின்ற சித்தப்பா ரெண்டு ஆள் பருமனில் விழுந்தார். இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார். மற்றபடி ஒருவர் விடாமல் எல்லோரும் இருந்தோம்.

பிரிண்டைக் கையில் வாங்கியபோது எனக்கே பெருமையாக இருந்தது. எங்கள் காம்பரா அதில் கல்யாணக் கூடம் போல விரிந்து கிடந்தது. பிறந்து வளர்ந்த இடத்தை அப்படிப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? அன்றே தபாலில் சேர்த்தேன்.

படம் கிடைத்த அன்று அக்கா குவைத்திலிருந்து போன் எடுத்தாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல? காம்பராவ எப்ப பெருசாக்குனீங்க? தொரை சம்மதிச்சிட்டாரா? அப்ப நான் வந்துரலாம்ல?"

லென்ஸைத் தூக்கி ஆற்றில் எறியலாம் போலிருந்தது. பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"இல்லக்கா. அதே காம்பராதான். அந்த லென்ஸ் போட்டா அப்படித்தான் எல்லாம் பெருசா தெரியும்."

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப பாப்பாவும் அவ்வளவு வளரலையாடா?"

"இல்லக்கா," என்றேன். "அவ நெசமாவே அவ்வளவு வளந்துட்டா."