பூட்டிய பூங்காவும் இரண்டு தெருத் தூரமும்

சென்ற ஆண்டு இளவேனிற் காலத்தில், கனடாவின் மொன்றியல் நகரில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நிகழ்ந்தது இது. அங்கே எமது தமிழ்ச் சங்கத்துக்குச் சொந்தமான சிறு பூங்கா ஒன்று உண்டு. அமர நான்கு வாங்குகள், ஓர் ஊஞ்சல், ஒரு மேப்பிள் மரம். அயலவர் எவரும் வரலாம். நான் சங்கத்தின் செயலாளர்.

பனி உருகிய கிழமை, பூங்காவில் பெயர்ந்திருந்த நடைபாதைக் கல்லில் இடறி, எமக்கு அறிமுகமில்லாத தமிழ் அம்மையார் ஒருவர் விழுந்து கையை முறித்துக்கொண்டார். அது பிழையை ஒப்புக்கொண்டதாகிவிடும், ஆகவே அவருடன் பேசவோ மன்னிப்புக் கேட்கவோ கூடாதென, விபத்துச் செலவை ஏற்கும் எமது காப்புறுதி நிறுவனம் கடிதம் அனுப்பியது. அடுத்த கடிதத்தில் காப்புறுதியையே நிறுத்திவிட்டது. வேறு வழியின்றிப் பூங்காவைப் பூட்டினோம்.

நகரசபை, விபத்து இழப்பீட்டுக்கான தனது காப்புறுதியின் கீழ் இத்தகைய பூங்காக்களைச் சேர்த்துக்கொள்ளும் என அறிந்து விண்ணப்பித்தேன். பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் பூங்காவுக்கே காப்பு உண்டு, உங்களுடையது பூட்டியல்லவா கிடக்கிறது என்றார் அலுவலர். காப்பின்றித் திறக்க இயலாது. திறவாமல் காப்புக் கிடையாது! பிரெஞ்சுப் படிவத்தை இருமுறை நிரப்பினேன். இருமுறையும் புதிதாய் ஒரு கையொப்பம் கேட்டுத் திரும்பி வந்தது.

இதற்கிடையே எமது தலைவர் தோடம்பழப் பையுடன் அம்மையாரைப் பார்க்கப் புறப்பட்டார். நான் மறித்தேன்.

"அண்ணை, கடிதத்தில என்ன எழுதிக் கிடக்கு? போனா வழக்கு வரும்."

"தோடம்பழத்துக்கும் வழக்கு வைப்பினமோ? உமக்குப் பயம் முத்திப்போச்சு."

ஆயினும் பை என் மேசையிலேயே தங்கிவிட்டது.

இறுதியில் நகரசபைக் கூட்டத்தின் கேள்வி நேரத்துக்குச் சென்றோம். கையில் கட்டுடன் அந்த அம்மையார் ஒலிவாங்கியின் முன் நிற்பதைக் கண்டோம். இழப்பீடு கேட்கப்போகிறார் என்றே நம்பினேன். அவரோ அரைகுறைப் பிரெஞ்சில், விழுந்தது தாமே என்றும், மூன்றாம் மாடியில் அடைந்து கிடக்கும் தமக்கு அந்த மரநிழல் வேண்டும் என்றும், பூங்காவைத் திறக்க உதவுமாறும் கேட்டார். அடுத்த கூட்டத்தில் காப்பு வழங்கத் தீர்மானம் நிறைவேறியது.

தாம் பேசிய அன்றே, கூட்டம் முடிந்து வெளியே வந்த அம்மையார் எம் தலைவரிடம் கேட்டார்: "ரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறன். கை முறிஞ்சு ஆறு கிழமை. ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லையே, அண்ணை?"

தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கல்லைச் சீர்செய்தோம், பூட்டையும் கழற்றினோம். ஆனால் காப்புறுதிக் கடிதத்துக்கு அஞ்சி நான் நடவாதுவிட்ட அந்த இரண்டு தெருத் தூரம் மட்டும், இன்றுவரை என்னால் கடக்க முடியாததாகவே இருக்கிறது.